குமாஸ்தா மேஜையில் ஒரு மேதை
ராமானுஜத்தின் மூளை கணக்குப் போடும் எந்திரமா?

(நமது பாலக்காடு நிருபர்)

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் காலை. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் ஈரோட்டுக்கு டிக்கெட் கேட்டு என் கவுண்டரில் நின்றது. மூன்று முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட். ஆளுக்கு எவ்வளவு என்று தகப்பனார் கேட்டார், சொன்னேன். மொத்தத் தொகை கம்ப்யூட்டர் திரையில் வருவதற்குள், பக்கத்தில் நின்ற மூத்த பையன் அதைச் சொல்லிவிட்டான். ஒரு ரூபாய் பிசகவில்லை.

வரிசையில் நின்றவர்கள் அவனுக்குக் கம்ப்யூட்டர் மூளை என்று மெச்சினார்கள். தகப்பனார் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் எல்லாம் ஃபெயில்; இந்த வருஷத்தோடு பள்ளியை நிறுத்தி, ஈரோட்டில் சொந்தக்காரர் வேலை செய்யும் ஜவுளிக் கடையில் விடப் போவதாகச் சொன்னார். வரிசை நீளமாக இருந்தது. டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஒருவருடைய வாழ்க்கைக் கதை. அதை இங்கே எழுதுகிறேன்.

ஜவுளிக் கடைக் கணக்கர் மகன்

கணித மேதை சீனிவாச ராமானுஜம் பிறந்ததும் அதே ஈரோட்டில்தான். 1887 டிசம்பர் 22ந் தேதி தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்த ஊர் கும்பகோணம். சாரங்கபாணி சன்னதித் தெருவில் சிறிய வீடு. தந்தை ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். அந்த வருமானம் போதாமல், வெளியூர் மாணவர்களை வீட்டில் தங்க வைத்துச் சாப்பாடு போட்டுப் பணம் வாங்கிக் குடும்பத்தை ஓட்டினார்கள்.

ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் ராமானுஜம் மாவட்டத்திலேயே முதலாக வந்தார். டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது, வட்டத்தின் சுற்றளவைக் கண்டுபிடிக்க நாம் 22/7 என்று வைத்துக் கொள்கிறோமே, அந்தப் 'பை' எண்ணின் தசம இலக்கங்களை வரிசையாக ஒப்பித்துத் தோழர்களை வியக்க வைப்பார். ஏறக்குறைய 1,200 மாணவர்களையும் முப்பத்தைந்து ஆசிரியர்களையும் வகுப்பு வாரியாகப் பிரித்து அட்டவணை போடுவது அந்தப் பள்ளியில் பெரிய தலைவலி. அந்த வேலையில் கணக்கு ஆசிரியர் இந்த மாணவனின் உதவியை நாடினார். இன்று அதற்குக் கம்ப்யூட்டரைத் தேடுவோம்.

இதுவரை பார்த்தால் அவரையும் கம்ப்யூட்டர் மூளை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் 1903ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்காகத் தொகுத்த கணித நூல் அது. சுமார் ஐயாயிரம் தேற்றங்களின் பட்டியல். பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் இல்லை. விளக்கத்தைத் தாமே கண்டுபிடிக்க உட்கார்ந்த ராமானுஜம், அந்தப் பட்டியலில் இல்லாத புதிய தேற்றங்களையும் காண ஆரம்பித்தார். அன்று தொடங்கிய நோட்டுப் புத்தகங்களை உலகம் இன்றும் படித்துக் கொண்டிருக்கிறது.

பரீட்சையில் தோல்வி

கஷ்டமும் அங்கேதான் தொடங்கியது. 1904ல் கணிதப் பரிசோடு பள்ளிப் படிப்பை முடித்து, உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தோற்றார். உபகாரச் சம்பளம் நின்றது. 1905ல் யாரிடமும் சொல்லாமல் வீட்டை விட்டு விசாகப்பட்டினம் வரை போய்விட்டார்.

திரும்பி வந்து 1906ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடலியல் பாடம் குறுக்கே நின்றது. எஃப்.ஏ. பரீட்சையில் ஒருமுறை தோற்றார். அடுத்த ஆண்டு மறுபடியும் தோற்றார். கணிதத்தில் இணையில்லாத ஒருவரை அன்றைய பரீட்சை முறை இரண்டு தடவை வெளியே தள்ளியது. பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909ல் ஜானகி அம்மாளுடன் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு ஓர் ஆபரேஷன். கையில் காசில்லாததால் டாக்டர் பணம் வாங்காமல் செய்து கொடுத்தார். பிழைப்புக்காகப் பையன்களுக்கு டியூஷன் சொல்லிக் கொடுத்தார். நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய மனிதர்களின் வீட்டுப் படிகளை ஏறி இறங்கினார்.

திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்த ராமசாமி அய்யர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டியதும், தம் கீழ் ஒரு சிறு குமாஸ்தா வேலை கொடுத்து இந்த அறிவைப் பாழாக்க மனமில்லாமல், சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். ஒருவர் தயவில் நெடுநாள் இருக்க ராமானுஜத்துக்குப் பிடிக்கவில்லை. வேலைக்கு மனுப்போட்டார்.

முப்பது ரூபாய் உத்தியோகம்

1912 மார்ச் 1ந் தேதி சென்னை போர்ட் டிரஸ்டில் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய். பகலில் பேரேடு, மாலையில் சிலேட்டு. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாது. சிலேட்டில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி எழுதுவார், முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். துணியை எடுத்து அழிக்கும் நேரமும் அவருக்கு வீண். அதனால் முழங்கை கறுத்துப் போயிருந்தது.

அவருடைய மேலதிகாரி நாராயண அய்யரும் கணிதம் கற்றவர். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்காருவார்கள். அய்யர் பத்து வரியில் போடும் கணக்கை ராமானுஜம் இரண்டு வரியில் தாண்டிவிடுவார். மற்றவர்களுக்குப் புரிய வேண்டுமானால் நடுப்படிகளையும் எழுத வேண்டும் என்று அய்யர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். போர்ட் டிரஸ்ட் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையின் கவனத்துக்குக் கொண்டு போனவரும் அவரே. ஒரு குமாஸ்தாவின் தலைக்குள் இருப்பதை அறிந்து மதிக்கும் அதிகாரி கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது, மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நம்மவர்களுக்குத் தெரியும்.

கம்ப்யூட்டர் என்பது யார் பெயர்?

இங்கே கொஞ்சம் நின்று ஒரு விஷயத்தைப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல் முதலில் எந்திரத்தின் பெயராக இருக்கவில்லை. மனிதர்கள் பார்த்த ஓர் உத்தியோகத்தின் பெயர் அது. இந்திய நில அளவைத் துறையில் 1831ல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி இளைஞர் கம்ப்யூட்டராகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கும் சம்பளம் மாதம் 30 ரூபாய்! எவரெஸ்ட் சிகரம்தான் உலகிலேயே உயர்ந்தது என்று பின்னால் கணக்கிட்டுக் காட்டியவர் அவர்.

நம் பக்கத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். 1825ஆம் ஆண்டு வாரன் என்ற அளவையாளர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணியரைச் சந்தித்தார். அந்தக் கணியர் காகிதமும் பேனாவும் இல்லாமல், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகண நேரத்தைக் கணித்துக் காட்டினார். எழுத்துகளுக்குள் எண்களை மறைத்துச் சொல்லும் இந்த வாக்கிய முறை கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுச் சொத்து. ஆனால் அந்த விதிகள் ஏன் அப்படி அமைந்தன என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. விதி தெரியும், வரிசை தெரியும், விடை வரும்.

மனித மூளை எந்திரம்போல் வேலை செய்வது இந்த இடத்தில்தான். தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கொழுந்து எடையைக் கூட்டுவதும், நான் கட்டணம் போடுவதும் இந்த வகையே. 1936ல் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயர் கணக்கு எந்திரம் எப்படி இருக்க முடியும் என்று யோசித்தபோது, தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு விதிப்படி கணக்குப் போடும் ஒரு மனிதரைத்தான் மாதிரியாக எடுத்துக் கொண்டார். ஆகவே கம்ப்யூட்டரைப் பார்த்துக் குமாஸ்தா கூனிக் குறுக வேண்டியதில்லை. அது நம்மைப் பார்த்துச் செய்தது.

ராமானுஜத்தின் பேரேட்டு வேலையை இன்று எந்திரம் செய்துவிடும். சிலேட்டு வேலையோ வேறு ரகம்.

கேம்பிரிட்ஜ் அறையில்

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். போர்ட் டிரஸ்டில் குமாஸ்தா என்றும், பட்டப் படிப்பு இல்லை என்றும் மறைக்காமல் சொல்லி, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்தார். முன்பு வேறு பேராசிரியர்களுக்கு எழுதிப் பயன் இல்லை. ஹார்டியும் முதலில் சந்தேகப்பட்டார். அன்று இரவு நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து படித்த பிறகு, இது மோசடியும் அல்ல, சாதாரண மூளையும் அல்ல என்று கண்டுகொண்டார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கொடுத்தது. 1914 மார்ச் 17ந் தேதி குடுமியை எடுத்துவிட்டுக் கப்பலேறினார்.

அந்த ஆண்டு குளிர்காலத்தில் வங்காளத்து நண்பர் மகலநோபிஸ் அவருடைய அறைக்குப் போனார். ராமானுஜம் அடுப்பில் காய்கறி கிளறிக் கொண்டிருந்தார். நண்பர் பத்திரிகையில் வந்த ஒரு புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1 முதல் வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இந்தப் பக்கத்து எண்களின் கூட்டுத் தொகையும் அந்தப் பக்கத்து எண்களின் கூட்டுத் தொகையும் சமம். எட்டு வீடுகள் உள்ள தெருவில் ஆறாவது வீடு அப்படி: ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15, ஏழும் எட்டும் கூட்டினாலும் 15. தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள் இருந்தால் அந்த வீடு எது?

மகலநோபிஸ் போட்டுப் பார்த்தே விடையைக் கண்டுவிட்டார்: 288 வீடுகள், 204வது வீடு. ராமானுஜம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. ஒரு தொடர் பின்னத்தை எழுதிக் கொள்ளச் சொன்னார். அதில் 6, 8; 35, 49; 204, 288 என்று எத்தனை நீளத் தெருவானாலும் எல்லா விடைகளும் வரிசையாக வந்து கொண்டே இருந்தன. எந்திரம் வீடு வீடாகக் கதவைத் தட்டும். இவர் தெருவுக்குள் போகாமலே தெருவின் அமைப்பைப் பார்த்துவிட்டார். இதை நேரில் கண்ட அதே மகலநோபிஸ், பின்னாளில் கல்கத்தாவில் புள்ளியியல் நிறுவனம் அமைத்து, 1950களின் நடுவில் இந்தியாவுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தார்.

200-ன் கணக்கு

இன்னொரு சான்று. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம். ஐந்தை ஏழு விதமாக. எண் பெரிதாகப் பெரிதாக இந்த வகைகள் பேய்போல் பெருகும். 200 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? மக்மேகன் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி கையாலேயே கணக்கிட்டு அட்டவணை தயாரித்தார். விடை ஏறத்தாழ 4 லட்சம் கோடி. மனக் கணக்கு வேகத்தில் மக்மேகன் ராமானுஜத்தையே முந்திவிடுவார் என்று சொல்வார்கள்.

ஆனால் ராமானுஜமும் ஹார்டியும் சேர்ந்து 1918ல் வெளியிட்ட சூத்திரத்தில் எட்டே உறுப்புகளைக் கூட்டினால் அந்த 4 லட்சம் கோடிக்குப் பக்கத்தில், ஒன்றில் நூறில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லாமல் விடை வந்து நின்றது. வேகத்தில் தோற்றவர்தான் பாதையைக் கண்டார்.

1729 கதையை வாசகர்கள் கேட்டிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைப் பார்க்க டாக்சியில் வந்த ஹார்டி, வண்டி எண்ணில் விசேஷம் ஒன்றுமில்லை என்றாராம். இரண்டு கனங்களின் கூட்டாக இரண்டு விதத்தில் எழுதக் கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜம் உடனே சொன்னாராம். 12ன் கனமும் 1ம். 10ன் கனமும் 9ன் கனமும். எண்களோடு வருஷக் கணக்கில் உறவாடியவருக்கு அது தெரிந்த முகம். தோட்டத்துக் கிழவர் தூரத்தில் வரும் ஆளை நடையை வைத்தே சொல்லிவிடுவதுபோல.

எந்திரத்துக்குப் பசி இல்லை

வெளியூரில் பிழைக்கும் நமக்கு இந்தப் பகுதி எளிதில் விளங்கும். அங்கே போன புதிதில் ராமானுஜம் குளிரில் தூங்க முடியாமல் மேல்கோட்டோடு படுத்தார். கம்பளிகள் இல்லையோ என்று மகலநோபிஸ் பார்த்தார். இருந்தன, கட்டிலில் மெத்தையோடு சேர்த்து ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. 200-ன் கணக்கைத் தீர்த்த மூளைக்குப் படுக்கை விரிப்பு புரியவில்லை. கேட்கக் கூச்சம்.

சைவச் சாப்பாடு, தானே சமையல், ராத்திரி பகல் பாராத வேலை. உலகப் போர் வந்து காய்கறியும் கிடைப்பது அரிதாயிற்று. 1917ல் நோய் பிடித்துக் கொண்டது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறினார். 1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற பெருமையும், டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ என்ற பெருமையும் வந்து சேர்ந்தபோது உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. காசநோய் என்று வைத்தியம் செய்தார்கள். அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம், அன்றைக்கே குணப்படுத்தியிருக்கவும் கூடும் என்று பிற்கால மருத்துவ ஆய்வு ஒன்று சொல்கிறது.

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு செல் வினாடிக்குச் சில நூறு தடவை துடித்தால் அதிகம். கம்ப்யூட்டர் வினாடிக்குக் கோடிக் கணக்கில் கணக்குப் போடும். வேகத்தில் போட்டியே இல்லை. ஆனால் இந்த மூளைக்கு வேண்டியது சுமார் 20 வாட் சக்தி. ஒரு சிறிய பல்புக்கு ஆகிற அளவு. அந்த 20 வாட்டும் சோற்றிலிருந்துதான் வர வேண்டும்.

1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். படுக்கையில் இருந்தபடியே எழுதினார். 1920 ஜனவரியில்கூடப் புதிய கண்டுபிடிப்பை ஹார்டிக்கு எழுதி அனுப்பினார். 1920 ஏப்ரல் 26ந் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து வாழ்ந்து, 1994ல் மறைந்தார்.

எந்திரம் வந்து வணங்கியது

கடைசி ஆண்டுத் தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1976ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் பட்டன. அதன்பின் 1985ல் ஒரு விசேஷம் நடந்தது. கேரளத்தில் சங்கமக்கிராமத்து மாதவன் 14ஆம் நூற்றாண்டிலேயே பதினோரு தசம இலக்கம் வரை கண்ட அதே 'பை' எண்ணை, காஸ்பர் என்ற அமெரிக்கர் கம்ப்யூட்டரில் 1 கோடியே 75 லட்சம் இலக்கங்கள் வரை கணக்கிட்டார். அதற்கு அவர் எந்திரத்துக்குக் கொடுத்த சூத்திரம், ராமானுஜம் 1914ல் வெளியிட்டது. ஒவ்வொரு உறுப்பும் எட்டு இலக்கங்களைக் கொண்டு வந்து தரும். அந்தச் சூத்திரத்துக்கு முழு நிரூபணம் வெளிவந்ததே அதற்கும் பிறகுதான். இன்று உலக சாதனைக்குப் பயன்படும் சூத்திரமும் அதன் வழி வந்ததே. மனிதர் சிலேட்டில் பாதை போட்டார். எழுபது ஆண்டு கழித்து எந்திரம் அதில் ஓடியது.

ஆகவே ஒரு பையன் சட்டென்று பெருக்கிச் சொன்னால் கம்ப்யூட்டர் மூளை என்பது பாராட்டு ஆகாது. பெருக்கல் எந்திரத்துக்கே சொந்தம். அவன் ஏன், எப்படி என்று கேட்கிறானா என்று பாருங்கள். கேட்டால், அதற்குப் பதில் சொல்லக் கூடிய ஆசிரியர் ஒருவரிடம் கொண்டு போய் விடுங்கள். ராமானுஜம் தோற்ற நாளில் எல்லாப் பாடத்தையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது. இன்று தோற்ற பாடத்தை மட்டும் எழுதித் தேறவும் வழி உண்டு.

இன்னும் ஒன்று. நோயாளியாக இங்கிலாந்தில் இருந்தபோது, சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் ஒதுக்கியது. அது தமக்கு அதிகம் என்று 1919 ஜனவரியில் அவர் பதில் எழுதினார். பெற்றோருக்கும் தமக்கும் ஆகும் செலவு போக மிஞ்சுவதை, ஏழைப் பையன்களுக்கும் அனாதைகளுக்கும் பள்ளிக் கட்டணம் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடும்படி கேட்டுக் கொண்டார். இப்படி ஒரு கணக்கை எந்த எந்திரமும் தானாகப் போட்டதில்லை.

கொழிஞ்சாம்பாறைத் தகப்பனார் திரும்பி வரும்போது என் கவுண்டருக்கு வருவாரோ, வேறு வழியாகப் போவாரோ தெரியாது. இந்தப் பத்திரிகை அவர் ஊர் டீக்கடைக்கும் போகிறது. யாராவது படித்துக் காட்டினால் நல்லது.